சுட்டலும் சுட்டாமையும்: நியூயார்க் நகரப் பால்புதுமைப் பாடலாசிரியர் இருவரின் தொடக்ககாலப் பாடல்கள் – அகமரபு நோக்கு

முன்னுரை

அன்பின் ஐந்திணையில் எவரையும் பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பிய அகத்திணையியல் வகுத்த நெறி. இந்நெறியினால் காதல் ஒருவர்க்கு மட்டும் உரிய செய்தியாக நில்லாது, உலகோர் அனைவர்க்கும் பொதுவான உணர்வாக உயர்கிறது என்பது தமிழ்த் திறனாய்வில் நிலைபெற்ற விளக்கம். ஆயினும் பெயரில்லா அம்மாந்தர் பாலில்லா மாந்தர் அல்லர். தலைவன், தலைவி என்னும் வரையறை பாடலுக்கு முன்பே உறுதிசெய்யப்பட்டுவிடுகிறது. எனவே பெயர் சுட்டாமை வேறு, பால் சுட்டாமை வேறு. அகமரபு முன்னதை விதிக்கிறது. பின்னதைப் பற்றி அதற்கு ஐயமே எழவில்லை.

இவ்வேறுபாடு நுண்ணியதாகத் தோன்றலாம். எனினும் தன்பாலினரைக் காதலித்த பாடலாசிரியர் ஒருவர் நகரின் மேடையில் முதன்முதலாக நிற்கும்போது அவர் எதிர்கொள்ளும் முதற் சிக்கல் இதுவே. அவர் பாடும் 'நீ' யார்? அந்த 'நீ'யை ஆண் என்று வெளிப்படையாக உணர்த்துவதா, கேட்பவர் விரும்பியபடி கொள்ளுமாறு விட்டுவிடுவதா? 1970களில் நியூயார்க் நகரில் தம் இசைவாழ்வைத் தொடங்கிய இருவர் இவ்வினாவுக்கு முரண்பட்ட விடைகளைத் தந்தனர். ஒருவர் ஸ்டீவன் கிராஸ்மன். மற்றவர் ஆர்தர் ரஸ்ஸல். இவ்விருவர் பாடல்களும் கேட்கப்பட்ட முறையை அகமரபின் கருத்தாக்கங்கள் வழி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். அமெரிக்கப் பாடல்களில் அகமரபின் தாக்கம் உண்டு என்பது இங்குக் கருத்தன்று. தமிழ்த் திறனாய்வு தன்னிடமுள்ள அளவுகோலைப் பிறிதொரு பொருள்மீது வைத்துப் பார்க்கும்போது, அப்பொருள் மட்டுமன்றி அளவுகோலும் புதிதாக விளங்கக்கூடும் என்பதே கருத்து.

நகரும் அலரும்

அகப்பாடல்களில் காதலர் அஞ்சுவது அலருக்கு. ஊரார் வாய்ச்சொல் களவை வெளிப்படுத்தும், இற்செறிப்புக்கு வழிகோலும், சிலபோது வரைவை விரைவுபடுத்தவும் செய்யும். ஒருவரையொருவர் அறிந்த சிற்றூரில்தான் அலருக்கு வலிமை மிகுதி. பெருநகரில் எவரும் எவரையும் அறியார். ஆதலின் அங்கு அலர் வலுவிழக்கிறது. ரஸ்ஸல் 1951இல் அயோவா மாநிலத்தின் ஆஸ்கலூசா என்னும் சிறுநகரில் பிறந்தவர். இளமையில் வீட்டைவிட்டு நீங்கி, சான் பிரான்சிஸ்கோவில் பௌத்தக் குழு ஒன்றில் வாழ்ந்து, கலிபோர்னியாவில் அலி அக்பர் கான் நிறுவிய இசைக் கல்லூரியில் இந்துஸ்தானி இசை பயின்று, 1973இல் நியூயார்க் சேர்ந்தார். பின்னர்க் கவிஞர் ஆலன் கின்ஸ்பர்க் குடியிருந்த கிழக்கு 12ஆம் தெருக் கட்டடத்திலேயே நெடுங்காலம் வாழ்ந்தார். 1975இல் நிதி நெருக்கடியால் திவாலாகும் நிலைக்குச் சென்ற நகரம் அது. கைவிடப்பட்ட தொழிற்கூடங்களும் குறைந்த வாடகை வீடுகளும் வருவாயற்ற கலைஞர்க்குப் புகலிடமாயின. ஒரு நகரின் வீழ்ச்சி அதன் புதிய கலைஞர்க்கு இடமளித்தது எனலாம்.

ஆயினும் பாடகர்க்கு நகரம் தரும் மறைவு முழுமையானதன்று. மறைந்து வாழ வந்தவர் அறியப்படவும் வேண்டும். அறியப்படாத பாடகர்க்கு வாழ்வில்லை. மற்றப் பாடகர்க்குப் புகழ் எனப்படுவதே இவர்க்கு அலராக மாறக்கூடும். தன் காதலைத் தானே ஊரறியச் சொல்லவேண்டிய தொழிலை அலருக்கு அஞ்சும் ஒருவர் தேர்ந்துகொள்வதிலுள்ள முரண், இத்தொடக்கங்களின் அடிப்படைச் சிக்கலாகும்.

காலச் சூழலும் கருதத்தக்கது. கிரீன்விச் வில்லேஜ் பகுதியில் 1969 ஜூன் இறுதியில் காவல்துறையின் திடீர்ச் சோதனையை எதிர்த்து ஸ்டோன்வால் கிளர்ச்சி நிகழ்ந்தது. 1973 டிசம்பரில் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலினின்று நீக்கியது. நியூயார்க் மாநிலத்தில் தன்பாலினரிடையே இசைவோடு நிகழும் உறவைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவோ 1980இல்தான் மாநில உயர்முறையீட்டு மன்றத்தால் செல்லாதாக்கப்பட்டது. அதாவது 1974இல் ஓர் ஆண் மற்றோர் ஆணைக் காதலிப்பதாகப் பாடியபோது, அவர் பாடிய பொருள் நோய் என்ற நிலையிலிருந்து நீங்கியிருந்தது. குற்றம் என்ற நிலையிலிருந்து நீங்கவில்லை.

'நான்' என்னும் பொறி

அகக் கவிஞர்க்கு ஒரு காப்பு உண்டு. பாடலில் பேசுபவர் தலைவி, தோழி, செவிலி முதலிய கூற்றுக்குரியோரே, புலவர் அல்லர். கபிலர் தலைவி கூற்றாகப் பாடுவதால் எவரும் அதனைக் கபிலரின் வாழ்க்கையாகக் கொள்வதில்லை. 1970களின் அமெரிக்கப் பாடலாசிரியப் பாடகர்க்கு இக்காப்பு இல்லை. கரோல் கிங்கின் 'டேப்பஸ்ட்ரி', ஜோனி மிச்சலின் 'புளூ' ஆகிய இரு தொகுப்புகளும் 1971இல் வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்றபின், எழுதியவரே பாடும் பாடலில் வரும் 'நான்' பாடுபவரே என்று கொள்ளும் வழக்கம் வேரூன்றியது. வாழ்க்கையை மறையாது சொல்வதே அவ்வகைப் பாடலின் மதிப்பாகவும் கருதப்பட்டது. உண்மை கூறுக என்று ஒரு கலைவடிவம் வேண்டும்போது, உண்மை கூறுவது சட்டப்படி குற்ற ஒப்புதலாகிவிடும் நிலையில் ஒரு பாடகர் என்செய்வார்?

இங்கு இலக்கணமும் துணைசெய்கிறது. தமிழில் ஐம்பால் பாகுபாடு படர்க்கையில்தான் வெளிப்படும். தன்மையும் முன்னிலையும் ஆண், பெண் பால் காட்டா. ஆங்கிலத்திலும் தன்மை, முன்னிலைப் பெயர்கள் அத்தகையனவே. இந்தியில் நிலைமை வேறு. அங்குத் தன்மை வினையே பெரும்பாலும் பேசுபவரின் பாலைக் காட்டிவிடும். உருது கசலோ காதலிக்கப்படுபவரை ஆண்பாலில் சுட்டுவதையே மரபாக்கி, பால் அடையாளத்தைப் பொருளற்றதாக்கிவிட்டது. ஆங்கிலப் பாடலாசிரியர்க்கு இத்தகைய மரபு இல்லை. ஆனால் 'நான் – நீ' என்னும் இணைக்குள் நின்றால் பால் கூறாமலே காதலைப் பாடிவிட இயலும். ஆகவே பால் சுட்டல் அவர்க்கு மொழி விதித்த கட்டாயமன்று. அவரே செய்யும் தேர்வு.

வேம்பு என்னும் அடையாளம்

கிராஸ்மனின் 'கேரவன் டுநைட்' 1974இல் மெர்குரி நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. தன்பாற் காதலை வெளிப்படையாகப் பாடுபொருளாக்கிப் பெரும் இசை நிறுவனம் ஒன்றின்வழி வெளிவந்த முதல் தொகுப்பு எனப் பரவலாகக் குறிக்கப்படுவது இதுவே. குடும்பத்தாரிடம் தன்னை வெளிப்படுத்துதலைப் பொருளாகக் கொண்ட 'அவுட்' என்னும் பாடல் இதில் இடம்பெற்றது. கிதாரும் மென்குரலும் கொண்ட இதன் இசை அக்காலப் பாடகர் பலரிடமும் காணப்படும் பொதுப்பாங்குடையது. இசையமைப்பில் புதுமை இல்லை. புதுமை முழுதும் சுட்டுதலில் இருந்தது. காதலிக்கப்படுபவர் ஆண் என்பதில் கேட்பவர்க்கு ஐயம் எழ இத்தொகுப்பு இடந்தரவில்லை.

இதன் விளைவை விளக்க நெடுநல்வாடை உதவும். பாசறையில் இருக்கும் தலைவனையும் அவனைப் பிரிந்து வருந்தும் தலைவியையும் பாடும் அப்பாட்டு, பொருளால் அகம். ஆயினும் படைவீரன் ஏந்திய வேலில் வேம்பு சூட்டப்பட்ட செய்தி வருதலால், தலைவன் பாண்டியன் எனத் தெரிந்துவிடுகிறது. ஆதலின் அது புறம் என்பது நச்சினார்க்கினியர் துணிபு. 188 அடிகளில் அமைந்த ஒரு பாட்டின் திணை ஓர் இலையால் மாறிவிட்டது.

கிராஸ்மனின் பாடல்களுக்கு நேர்ந்ததும் இத்தகையதே. பிரிவு, ஏக்கம், கூடல் என்னும் அகப்பொருளே அவர் பாடியவை. அவற்றுள் ஆண்பால் என்னும் ஒற்றை அடையாளம் வெளிப்பட்டவுடன் அவை காதற்பாடல்களாகக் கேட்கப்படுவது குறைந்து, ஒரு சமூகச் சிக்கலைப் பேசும் பாடல்களாகக் கேட்கப்படலாயின. அகம் புறமாயிற்று. ஆனால் நெடுநல்வாடைக்கும் இதற்கும் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. வேம்பு பாண்டியன் என்னும் தனி ஒருவரைச் சுட்டியது. கிராஸ்மன் எவரையும் தனித்துச் சுட்டவில்லை. ஆண் என்னும் பாலை மட்டுமே சுட்டினார். அக்காலத்தில் பெண்ணைக் காதலித்துப் பாடிய எண்ணற்ற ஆண் பாடகர்கள் தம் பாடல்களில் பெண்பாலைத் தயக்கமின்றிச் சுட்டினர், அவை புறமாகவில்லை. அதே இலக்கணச் செயல் ஒருவர்க்கு இயல்பாகவும் மற்றொருவர்க்கு அறிக்கையாகவும் கொள்ளப்பட்டது எனில், வேறுபாடு பாடலில் இல்லை. கேட்பவர் கைக்கொண்ட நெறியில் உள்ளது. தலைவன், தலைவி என்னும் வரையறைக்கு நிகரான நிலையில், பெயரின்றிப் பால் மட்டும் விளங்க நின்ற கிராஸ்மனின் மாந்தர், அகநெறியின் எழுத்தைப் பிறழாதவர். ஆயினும் அவர்க்கு அகத்தில் இடமளிக்கப்படவில்லை.

பாராட்டுப் பெற்றும் அத்தொகுப்பு விற்பனையில் தோற்றது. அவர் வாழ்நாளில் அடுத்த தொகுப்பு வரவில்லை. 1991இல் எய்ட்ஸ் நோயால் அவர் மறைந்தார். இறப்புக்குச் சற்று முன் பதிவுசெய்த பாடல்கள் 'சம்திங் இன் தி மூன்லைட்' என 2011இல் வெளிவந்தன. தோல்விக்குப் பால் சுட்டியமை ஒன்றே காரணம் என்பது எளிமைப்படுத்தலாகும். அதே காலத்தில் பால் சுட்டிப் பாடிய வேறு சிலர் நிலைபெற்றனர். நியூயார்க்கில் ஆலிக்ஸ் டாப்கின் 1973இல் தாமே வெளியிட்ட 'லாவெண்டர் ஜேன் லவ்ஸ் விமென்', 1973இல் வாஷிங்டனில் தொடங்கப்பட்ட பெண்கள் நிறுவனமான ஒலிவியா ரெக்கார்ட்ஸ் 1975இல் வெளியிட்ட கிரிஸ் வில்லியம்சனின் 'தி சேஞ்சர் அண்ட் தி சேஞ்ட்' ஆகியவை பெண்கள் நடத்திய கடைகள், கூட்டங்கள், இசைவிழாக்கள் வழியாகக் கேட்போரை அடைந்தன. அவர்களுக்குச் சுட்டைப் புரிந்துகொள்ளும் அவை இருந்தது. கிராஸ்மனுக்குப் பெரிய நிறுவனம் இருந்தது, அவை இல்லை.

குரல் மாற்றம்

ரஸ்ஸலும் கிதார்ப் பாடலாசிரியராகத் தொடங்கியவரே. பாப் டிலனைக் கொலம்பியா நிறுவனத்திற்குக் கொணர்ந்த ஜான் ஹாமண்ட் இவருடைய பாடல்களையும் சோதனையாகப் பதிவுசெய்தார். அவை அப்போது இசைத்தட்டாகவில்லை. 'தி கிச்சன்' என்னும் புத்திசை அரங்கின் இசை நெறியாளராக 1974–75இல் பணியாற்றிய அவர், பின்னர் டிஸ்கோ நடனக் கூடங்களால் ஈர்க்கப்பட்டார். டேவிட் மன்குசோ 1970இல் தம் இல்லத்தில் தொடங்கிய 'தி லாஃப்ட்' போன்ற கூடல்கள் அழைப்புப் பெற்றோர்க்கு மட்டுமே உரியவை. களவுக் காதலர்க்கு இரவுக்குறி எப்படியோ, அப்படி அந்நகரின் தன்பாற் காதலர்க்கு இவை அமைந்தன. இரவுக்குறி இருவர்க்குரியது; இதுவோ நூற்றுக்கணக்கானோர் ஒருங்கே கூடிய குறியிடம்.

'டைனோசர்' என்னும் பெயரில் 1978இல் ரஸ்ஸல் வெளியிட்ட 'கிஸ் மீ அகெய்ன்' பாடலைப் பாடியவர் மிரியம் வால் என்னும் பெண். ஆண் எழுதிய வேட்கை பெண்குரலில் ஒலித்தது. இதனைக் கேட்கும் தமிழ் வாசகர்க்குப் பராங்குச நாயகியாகப் பாடிய நம்மாழ்வாரும் பரகால நாயகியாகப் பாடிய திருமங்கையாழ்வாரும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆனால் ஒப்புமை ஓரெல்லை வரையே செல்லும். நாயகி பாவத்தில் ஆண் கவிஞர் பெண்ணாகிவிடுவதால், பாடலுக்குள் ஆண் – பெண் இணை குலையாமல் நிற்கிறது. தன்பாற் காதலுக்கு அதனை முன்மாதிரியாகக் காட்டுவோர் இதனைக் கருதவேண்டும். 'கிஸ் மீ அகெய்ன்' பாடலிலும் அவ்விணை குலையவில்லை. கேட்பவர் வழக்கமான காதற்பாடல் ஒன்றையே கேட்டார். குரல் மாற்றம் அலரைத் தவிர்த்தது. பாடியவர்தம் காதலுக்குப் பெயர் தரவில்லை.

'லூஸ் ஜாயின்ட்ஸ்' என்னும் பெயரில் 1980இல் வெளிவந்த 'இஸ் இட் ஆல் ஓவர் மை ஃபேஸ்' ஒரு படி மேற்சென்றது. தன் உள்ளம் முகத்தில் தெரிந்துவிடுகிறதோ என்னும் வினாவே அதன் தலைப்பு. உள்ளத்து நிகழ்வு உடம்பில் தோன்றுதலை மெய்ப்பாடு என்று வகுத்து, தலைவியின் முகமும் பசலையும் கண்டு தோழி களவை உணர்வதைப் பாடிய மரபுக்கு இவ்வினா அயலானதன்று. இப்பாடல் முதலில் ஆண்குரல்களிலும், பின்னர் லாரி லெவன் மறுகலவை செய்த வடிவில் மெல்வினா உட்ஸ் என்னும் பெண்ணின் குரலிலும் வெளிவந்தது. பின்னதே மிகுதியும் பரவியது. சொற்களில் பால் சுட்டப்படாமையால் ஒரே பாடல் இருபாலார் வாயிலும் பொருந்தியது. பால் சுட்டாமை என்பதன் ஆற்றலுக்கு இதைவிடத் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை.

சுட்டா முன்னிலை

ரஸ்ஸல் தம் குரலையும் செலோவையும் மட்டும் கொண்டு 1986இல் அமைத்த 'வேர்ல்ட் ஆஃப் எக்கோ' இம்முயற்சியின் உச்சம். எதிரொலியால் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, சில இடங்களில் சொல்லே இசையாகக் கரைகிறது. இங்கு 'நீ' யார் என்னும் வினாவே எழுவதில்லை. 'நான்' யார் என்பதும் தெளிவாக நில்லாது. தாம் பதிவுசெய்த பாடலின் பல வடிவங்களைச் சிறு ஒலிக்கருவியில் கேட்டபடியே ஹட்சன் ஆற்றங்கரையில் அவர் நடப்பது வழக்கம் என அவர்தம் வாழ்க்கை வரலாறு கூறுகிறது. பெருங்கூட்டத்தினிடையே தனித்து நடப்பவரின் கேள்விநிலை அவ்விசையில் படிந்துள்ளது.

இதனைப் பால் கடந்த காதலின் பொதுமொழி என்று போற்றுவது எளிது. ஆனால் பொதுமை எவர்க்கும் ஒரே அளவில் கிடைப்பதன்று. சுட்டப்படாத 'நீ'யைக் கேட்பவர் வெற்றிடமாக விட்டுவைப்பதில்லை; தமக்குப் பழகிய இணையைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறார். அகப்பாடலில் பால் கூறப்படாத இடத்தும் உரையாசிரியர் தலைவனையும் தலைவியையுமே வருவித்து உரைப்பதைப் போன்றது இது. ஆகவே சுட்டாமை தன்னளவில் விடுதலையும் அன்று, மறைப்பும் அன்று. கேட்பவர் மனத்தில் வேறோர் இணைக்கும் இடமுண்டு என்ற அறிவு முன்பே இருந்தால்தான் சுட்டாமை திறந்த வாயிலாகும். இல்லையேல் அது மூடிய கதவே. கிராஸ்மன் போன்றோர் சுட்டிப் பாடியது அவ்வறிவை உண்டாக்கும் பணியாகும். அவர்கள் சுட்டியதனால்தான் ரஸ்ஸலின் சுட்டாமையை இன்று ஒரு கலைத்தேர்வாகக் கேட்க முடிகிறது.

கூற்றுக் குறிப்பாகும் வாழ்க்கை வரலாறு

குறுந்தொகைப் பாடல்களின் அடியில் காணப்படும் கூற்றுக் குறிப்புகள் புலவர் எழுதியவை அல்ல. பின்னோர் வகுத்தவை என்பது அறிஞர் கருத்து. இன்னார்க்கு இன்னார் கூறியது என்னும் அக்குறிப்பு வாசிப்புக்கு வழிகாட்டுகிறது. வேறு வாசிப்புகளைத் தடுக்கவும் செய்கிறது. ரஸ்ஸல் 1992 ஏப்ரல் 4ஆம் நாள், தம் 40ஆம் அகவையில் எய்ட்ஸ் நோயால் மறைந்தார். ஆயிரத்திற்கும் மேற்பட்ட ஒலிநாடாக்கள் எஞ்சின. 2004இல் 'காலிங் அவுட் ஆஃப் கான்டெக்ஸ்ட்' தொகுப்பும், 2008இல் மாட் வுல்ஃப் இயக்கிய 'வைல்ட் காம்பினேஷன்' ஆவணப்படமும், 2009இல் டிம் லாரன்ஸ் எழுதிய வாழ்க்கை வரலாறும் வெளிவந்தன. துணைவர் டாம் லீயோடு அவர் வாழ்ந்த வாழ்க்கை அவற்றின்வழிப் பரவலாகத் தெரியவந்தது. அதன்பின் அவர்தம் 'நீ' ஓர் ஆணாகக் கேட்கப்படலாயிற்று. அதாவது பாடல் சுட்டாததை வாழ்க்கை வரலாறு சுட்டியது. கூற்றுக் குறிப்பின் இடத்தில் இன்று ஆவணப்படம் நிற்கிறது.

இது ஆதாயமும் இழப்பும் கலந்தது. கேட்பவர் ஆண் – பெண் இணையைத் தாமாக நிரப்பிக்கொள்ளும் பழக்கம் இதனால் தடைப்பட்டது, அது ஆதாயம். இருபாலார் வாயிலும் பொருந்தப் பாடியவரை ஒரே கூற்றுக்குள் அடைத்தல் இழப்பு. கூற்றுக் குறிப்பைப் படித்தபின் அதனைச் சற்று ஒதுக்கிவைத்துப் பாடலை மீண்டும் படிக்கும் பயிற்சி சங்க இலக்கிய மாணவர்க்குப் புதிதன்று. அப்பயிற்சியே இங்கும் வேண்டப்படுவது.

முடிவுரை

இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6ஆம் நாள் இசைவோடு நிகழும் தன்பால் உறவைக் குற்றமென்னும் நிலையினின்று நீக்கியது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் இம்மக்களின் பாதுகாப்புக்கு ஆணைகள் பிறப்பித்தது. அவ்வழக்கின் தொடர்ச்சியாக 2022இல் தமிழ்நாடு அரசு இவர்களைக் குறிக்கும் சொற்களஞ்சியத்தை வெளியிட்டது. சொற்கள் கிடைத்துவிட்டன. இனித் தேவைப்படுவது வாசிப்பு நெறி. தமிழில் இத்தகைய பாடல்களும் கவிதைகளும் வரும்போது, பால் சுட்டியவற்றைச் 'சிக்கல் இலக்கியம்' என்று புறத்தில் தள்ளுவதும், சுட்டாதவற்றை 'அனைவர்க்கும் பொது' என்று கூறி அவற்றின் தனித்தன்மையைக் கரைத்துவிடுவதும் எளிதில் நேரக்கூடிய இரு பிழைகள். நியூயார்க்கில் இவ்விருவர்க்கும் அப்பிழைகளே நேர்ந்தன.

எச்.ஐ.வி. தொற்றைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்துகள் பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தது 1996 அளவில். இருவரும் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே மறைந்தனர். முதுமையில் அவர்கள் என்ன பாடியிருப்பர், சுட்டியவர் சுட்டாமைக்கும் சுட்டாதவர் சுட்டுதலுக்கும் நகர்ந்திருப்பரோ என்பதற்குச் சான்றில்லை. தொடக்ககாலப் பாடல்கள் என்று ஆய்வு வகைப்படுத்துபவற்றுள் பெரும்பகுதியே அவர்தம் பாடல்கள் அனைத்துமாகிவிட்டன. ஆகவே அவற்றைத் தொடக்கநிலை முயற்சிகள் என்று சலுகையோடு மதிப்பிடுவது பொருந்தாது. பெயரில்லாத் தலைவன் தலைவியர்க்குத் தமிழ் மரபு அளித்துவந்துள்ள முழு மதிப்பையே இப்பாடல்களின் மாந்தர்க்கும் அளித்து வாசிக்கும்போது, அகத்தின் எல்லை குறுகுவதில்லை. அது எவ்வளவு அகன்றது என்பது தெரியவரும்.